ஏற்காட்டில் இடம் வாங்குவோர் கிரயத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

ஏற்காட்டில் சிறியதாக ஓர் இடம் வேண்டும் என்று சேலத்தில் எந்தத் தரகரிடம் சொன்னாலும், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் உங்களை அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற்றி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும் ஒரு காபித் தோட்டத்தின் நடுவே நிறுத்தி, சென்ட் என்ன விலை என்று சொல்லிவிடுவார். கீழே சூரமங்கலத்திலோ அம்மாப்பேட்டையிலோ மனை வாங்கும்போது விலை படிந்தபின் பத்திரத்தைப் பார்ப்பதில் பெரிய தவறில்லை. அங்கே மனை என்றால் வீடு கட்டலாம், தெரு இருக்கும், தண்ணீர் வரும் என்பவை பெரும்பாலும் ஐயத்துக்கு இடமில்லாதவை. ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில் இவற்றில் எதுவும் நிலத்தோடு தானாகச் சேர்ந்து வருவதில்லை. ஆகவே சேர்வராயன் மலையில் இடம் தேடுபவர், விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டா, அந்த இடத்தில் கட்ட அனுமதி கிடைக்குமா, அதற்கு வழியும் தண்ணீரும் உண்டா என்பவற்றை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். இவற்றுக்கு விடை தெரியாத வரை தரகர் சொல்வது வெறும் எண்தான், விலை அன்று.

நிலம் எந்த வகையைச் சேர்ந்தது

மலையில் உள்ள பூமி அனைத்தும் ஒரே வகையானது அன்று. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காபியை அறிமுகப்படுத்தியதைத் தொடர்ந்து உருவான எஸ்டேட்டுகள் ஒரு வகை; அவற்றுள் பல, தலைமுறைகள் தோறும் கைமாறி, இப்போது துண்டு துண்டாக விற்பனைக்கு வருகின்றன. நாகலூர், வெள்ளக்கடை, வாழவந்தி, மாரமங்கலம் முதலிய ஊர்ப்பக்கங்களில் மலையாளிப் பழங்குடி மக்களின் நிலங்கள் மற்றொரு வகை. இவ்விரண்டுக்கும் இடையில் காப்புக்காடும் அரசுப் புறம்போக்கும் ஊடுருவிக் கிடக்கின்றன. நேரில் பார்க்கும்போது எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும். வேறுபாடு கிராமக் கணக்கில்தான் புலப்படும்.

பழங்குடியினர் பெயரில் உள்ள நிலம் என்றால் அது அவருக்கு எவ்வாறு வந்தது என்பதைத் தேடிப் பார்க்காமல் ஒரு ரூபாயும் முன்பணம் கொடுக்கக் கூடாது. அரசு ஒப்படை செய்த, அதாவது அரசே ஒதுக்கிக் கொடுத்த, நிலமாக இருந்தால் அந்த ஒப்படை ஆணையில் விற்பனையைத் தடுக்கும் நிபந்தனைகள் இருக்கும். நிபந்தனையை மீறி எழுதப்பட்ட கிரயத்தைப் பொருட்படுத்தாமல் வருவாய்த் துறை நிலத்தை மீட்டுக்கொள்ள முடியும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி வழங்கப்பட்ட உரிமையோ வாரிசுகளுக்கு மட்டுமே செல்லும். அதை எவருக்கும் விற்கவும் முடியாது, வேறு வகையில் மாற்றிக் கொடுக்கவும் முடியாது. இத்தகைய நிலங்களை, இப்போதைக்கு ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு அனுபவித்து வாருங்கள், பட்டாவைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் காட்டுவோர் உண்டு. அப்படிப்பட்ட பேச்சு தொடங்கியவுடன் எழுந்து வந்துவிடுவது நல்லது. சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், தலைமுறைகளாக அந்த மலையில் உழைத்து வாழ்பவரிடம் எஞ்சியிருக்கும் துண்டு நிலத்தை வார இறுதி ஓய்வுக்காக வாங்குவது முறையா என்பதையும் வாங்குபவர் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

நிலத்தின் வகையை அறிய, புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் கேட்டு வாங்கி, தமிழக அரசின் மின்சேவைத் தளத்தில் பட்டா, சிட்டா, நிலத்தின் வகையைக் குறிக்கும் அ-பதிவேடு, எல்லைகளைக் காட்டும் புலப்படம் ஆகியவற்றை நீங்களே எடுத்துப் பாருங்கள். தரகர் கைப்பேசியில் காட்டும் படத்தை நம்பி இருந்துவிடக் கூடாது. அ-பதிவேட்டில் அந்தப் புல எண் எந்த வகைப்பாட்டில் உள்ளது என்பதே முதன்மையானது. நிலத்தின் ஏதேனும் ஓர் எல்லை காட்டை ஒட்டியிருந்தால், காப்புக்காட்டு எல்லை எங்கே முடிகிறது என்பதை வனச்சரக அலுவலகத்தில் விசாரித்து, நில அளவரை வைத்து அளந்து பார்த்த பிறகே மேலே செல்ல வேண்டும். வேலி எங்கே இருக்கிறதோ அதுவே எல்லை என்று மலையில் கொள்ள முடியாது. காபிச் செடி எல்லையைத் தாண்டிப் போயிருப்பதும், அப்படித் தாண்டிய பகுதியையும் ஏக்கர் கணக்கில் சேர்த்து விலை சொல்வதும் புதுமையான செய்திகள் அல்ல.

தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம். ஆனால் வெளிநாடு வாழ் இந்தியர்கள் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. வாரிசு முறையில் பெறலாம். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு ஏற்காட்டில் காபித் தோட்டம் வாங்க விரும்பும் சேலத்துக்காரர்கள் இதைத் தொடக்கத்திலேயே அறிந்திருக்க வேண்டும். பணம் அனுப்பி ஊரில் உள்ள உறவினர் பெயரில் வாங்கி வைப்பது பினாமிச் சட்டத்தின் சிக்கலில் கொண்டுபோய் விடக்கூடும் என்பதால், வழக்கறிஞரைக் கலக்காமல் அதைச் செய்ய வேண்டாம்.

தாய்ப்பத்திரமும் கையெழுத்துகளும்

பத்திரம் பார்ப்பது பற்றி எல்லோரும் சொல்வதையே இங்கும் நீட்டிச் சொல்லத் தேவையில்லை. முதல் உரிமையைக் காட்டும் தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை ஒரு கண்ணியும் விடுபடாமல் தொடர்ச்சி இருக்க வேண்டும். சொத்தின் மீதான விற்பனை, அடமானப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் தளத்தில் எடுக்க வேண்டும். கணினியில் இல்லாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். பழைய எஸ்டேட்டுகளில் வங்கி அடமானங்களும் பாகப்பிரிவினைகளும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கும் என்பதால், முப்பது ஆண்டு வில்லங்கம் மட்டும் போதும் என்று நிறுத்திக்கொள்வது இங்கே போதாது.

குடும்பச் சொத்தாக வந்த எஸ்டேட் என்றால், கையெழுத்துப் போட வேண்டியவர்கள் யார் யார் என்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் தொடங்குகின்றன. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகவும், நாடு முழுவதும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகவும் இந்து வாரிசுரிமையில் மகள்களுக்குப் பங்கு உறுதியாகியுள்ளது. ஆகவே வெளியூரில் மணம் முடித்துப் போன சகோதரிகளின் கையெழுத்து இல்லாத கிரயம் அரைகுறைக் கிரயமாகவே இருக்கும். சிறார் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவை. பட்டியல் பழங்குடியினருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது என்பதால் அவர்களுடைய வாரிசு நிலையைத் தனியாகச் சட்ட அறிஞரிடம் கேட்டறிய வேண்டும். உரிமையாளருக்குப் பதிலாகப் பொது அதிகார முகவர் கையெழுத்திடுகிறார் என்றால், அதிகார ஆவணம் பதிவாகியுள்ளதா, எழுதிக் கொடுத்தவர் உயிருடன் உள்ளாரா, அது ரத்தாகாமல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, உரிமையாளரை ஒரு முறையாவது நேரில் சந்தித்துவிடுங்கள். அதிகாரப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பதால் மட்டும் நிலத்தில் உரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகக் கூறிவிட்டது.

இன்னொரு வழக்கம் ஏற்காட்டில் தனிக் கவனத்துக்குரியது. பத்து ஏக்கர் தோட்டத்தை மனைகளாகப் பிரித்து அங்கீகாரம் பெறுவது கடினம் என்பதால், பிரிபடாத பாகமாகவோ சிறு விவசாயத் துண்டுகளாகவோ பலருக்குக் கிரயம் செய்து கொடுத்துவிட்டு, தரையில் கல் நட்டு இது உங்களுடையது என்று காட்டிவிடுகிறார்கள். பத்திரத்தின்படி உங்களுக்கு முழுத் தோட்டத்திலும் ஒரு பங்கு உண்டு. நீங்கள் நிற்கும் அந்த இருபது சென்டில் தனியுரிமை இல்லை. 20.10.2016-க்கு முன் விற்கப்பட்ட அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த வழி உண்டு என்பதும், மலைப்பகுதிக்கெனத் தனி விதிகள் 2020-இல் வந்தன என்பதும் உண்மை. ஆயினும், வரன்முறைப்படுத்தி வாங்கிக்கொள்ளலாம் என்று விற்பவர் சொன்னால், அதை அவரையே முதலில் செய்து முடிக்கச் சொல்லி, ஆணையைக் கண்ட பிறகு பணம் கொடுப்பதே அறிவுடைமை.

கட்ட அனுமதி கிடைக்குமா

ஏற்காடு வட்டம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வருகிறது. ஊரில் இதை ‘ஹாக்கா’ என்றே சொல்வார்கள். 1990-இல் அரசாணை வழியாக அமைந்த ஏற்பாடு இது. இந்த வரம்புக்குள் கட்டடம் கட்டவோ மனைப் பிரிவு அமைக்கவோ, ஊராட்சியின் அனுமதி மட்டும் போதாது. இடத்தின் தன்மையையும் கட்டடத்தின் அளவையும் பொறுத்து வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்துகள் கேட்கப்படும். நகர் ஊரமைப்புத் துறை வழியாகக் கோப்பு நகரும். சரிவு மிகுந்த நிலமா, மண் சரியக் கூடிய இடமா, ஓடை குறுக்கே செல்கிறதா, காட்டுக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பவற்றைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். மாதக்கணக்கில் ஆகக்கூடிய வேலை இது. அண்டை இடத்தில் ஒருவர் மூன்று மாடி கட்டியிருக்கிறார் என்பது உங்களுக்கு அனுமதி கிடைக்கும் என்பதற்குச் சான்று ஆகாது. அவருக்கு முத்திரையிட்டுப் பூட்டும் அறிவிப்பு வந்திருக்கவும் கூடும்.

எனவே விற்பனை உடன்படிக்கையை எழுதும்போதே, கட்டட அனுமதி மறுக்கப்பட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையைச் சேருங்கள். விற்பவர் இதற்கு ஒப்பவில்லை என்றால் அந்த மறுப்பிலேயே உங்களுக்கு வேண்டிய தகவல் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு விற்பனை உடன்படிக்கையும் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டிய ஆவணம் என்பதால், முத்திரைத்தாளில் இருவர் சாட்சியோடு எழுதிக்கொண்டு விட்டுவிடாதீர்கள். கடன் தேவைப்படாதவரும் ஒரு வங்கியில் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்துப் பார்ப்பதை நான் பரிந்துரைப்பேன். வங்கியின் வழக்கறிஞரும் மதிப்பீட்டாளரும் வேண்டாம் என்று ஒதுக்கும் இடத்தை, ரொக்கம் இருக்கிறது என்பதற்காக நாம் வாங்குவதில் பொருள் இல்லை.

மரங்களின் கதை தனி. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சொந்தப் பட்டா நிலத்தில் உள்ள மரத்தை வெட்டவும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். வீட்டுக்கு இடம் ஒதுக்க நான்கு சில்வர் ஓக்கை அகற்றலாம் என்று எளிதாக நினைத்துக்கொண்டு திட்டம் வரையாதீர்கள். மரங்கள் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு எஞ்சிய இடத்தில் வீடு அடங்குமா என்று பாருங்கள். சேர்வராயன் மலையில் சந்தன மரங்களும் உண்டு. அவை உங்கள் நிலத்தில் நின்றாலும் வனத்துறை வழியாக அன்றி வெட்டவோ விற்கவோ முடியாது. கிரயத்துக்கு முன் எத்தனை சந்தன மரங்கள் நிற்கின்றன என்று எண்ணிப் பதிவு செய்துகொள்வது, பின்னாளில் ஒன்று காணாமல் போய்விட்டால் உங்களைக் காக்கும். ஒருவர் வைத்திருக்கும் நிலத்தின் அளவை வரம்பிடும் 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தில் காபித் தோட்டங்களுக்கு விலக்கு உண்டு. பெரிய பரப்பை வாங்கித் தோட்டத்தை அழித்து வேறு பயனுக்கு மாற்ற நினைப்பவர் அந்த விலக்கு என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

வழியும் தண்ணீரும்

மலையில் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இவைதாம். பத்திரத்தில் மிகக் குறைவாக எழுதப்படுவதும் இவைதாம். எஸ்டேட்டுக்குள் உள்ள பாதை எஸ்டேட் உரிமையாளருடையது. நேற்று வரை லாரி போன பாதை, தோட்டம் கைமாறியவுடன் இரும்புக் கதவு போட்டு மூடப்படலாம். ஆகவே தார்ச் சாலையிலிருந்து உங்கள் நிலம் வரை ஒவ்வொரு புல எண்ணையும் புலப்படத்தில் தொட்டுப் பார்த்து, வழி ஊராட்சிக்குச் சொந்தமா, வண்டிப்பாதை என்று கணக்கில் உள்ளதா, அல்லது பிறர் பட்டாவில் செல்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பிறர் பட்டாவில் சென்றால், அந்த நிலத்தின் உரிமையாளரே வழிப்பாத்தியத்தைத் தனி ஆவணமாகப் பதிவு செய்து தர வேண்டும். விற்பவரின் கிரயப் பத்திரத்தில் ‘வழிநடைப் பாத்தியங்கள் சகிதம்’ என்று ஒரு வரி சேர்ப்பதால், அவருக்கே இல்லாத உரிமை உங்களுக்கு வந்துவிடாது. பாதையின் அகலத்தை அடிக்கணக்கில் எழுதுங்கள். சிமெண்ட் லாரி திரும்ப முடியாத பாதை என்றால் செங்கல், மணல், கம்பி அனைத்தையும் சிறு வண்டியில் மாற்றி ஏற்ற வேண்டும். கட்டுமானச் செலவு கீழே சேலத்தில் ஆவதைவிடக் கணிசமாக உயரும்.

ஏற்காட்டில் மழைக்குக் குறைவில்லை, ஆனால் கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வருவது வாடிக்கை. இந்த மலை கடினமான சார்னோக்கைட் பாறையால் ஆனது. பாறையின் வெடிப்புகளில் நீர் இருந்தால்தான் ஆழ்துளைக் கிணறு பயன் தரும், இல்லையென்றால் எத்தனை அடி இறக்கினாலும் தூசிதான் வரும். ஆழ்துளைக் கிணறு போட ஊராட்சியின் அனுமதியும் வேண்டும். பழைய தோட்டங்கள் பல ஊற்றுகளையும் கிணறுகளையும் நம்பியே நடக்கின்றன. அந்த ஊற்று உங்கள் பங்கில் இருக்கிறதா, பிறர் பங்கில் இருந்தால் குழாய் எடுத்துவரப் பாத்தியம் எழுதித் தருகிறார்களா என்று பாருங்கள். நிலத்தைப் பார்க்கச் சரியான காலம் ஏப்ரல், மே மாதங்கள்: கோடை விழாக் கூட்டத்தில் சிக்க நேர்ந்தாலும், கிணற்றில் எஞ்சியிருக்கும் தண்ணீர் அப்போதுதான் உண்மையைச் சொல்லும். டிசம்பரில் நிறைந்த கிணற்றைக் காட்டி விற்பது எளிது. அதே நிலத்தை வடகிழக்குப் பருவமழையின்போது இன்னொரு முறை பார்த்தால், நீர் எந்தப் பக்கமாக வழிகிறது, தாங்குசுவர் இல்லாத வெட்டுச்சரிவு எங்கே பெயர்கிறது என்பவை தெரியும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டதைச் சேலத்தில் அனைவரும் அறிவர். அத்தகைய நாள்களில் குப்பனூர், கொட்டச்சேடு வழியே வரும் மாற்றுப் பாதையும் உண்டு என்றாலும், வயதான பெற்றோரை நிரந்தரமாக மேலே குடியமர்த்த நினைப்பவர்கள் மருத்துவமனைக்குக் கீழே இறங்க வேண்டிய முப்பது கிலோமீட்டரையும் கணக்கில் கொள்ள வேண்டும். சிலருக்குக் கன்னங்குறிச்சிப் பக்கம் வீடு வைத்துக்கொண்டு, ஆசை வரும்போது மேலே போய்த் தங்கி வருவதே பொருத்தமாக இருக்கும். தரகர் இதைச் சொல்ல மாட்டார்.

காட்டெருமைகள் தோட்டங்களுக்குள் வருவது இங்கே வழக்கம். நிலத்தின் குறுக்கே அவற்றின் தடம் இருக்கிறதா என்று தோட்டத் தொழிலாளர்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கட்டிய வீடும் வாடகைக் கணக்கும்

கட்டி முடித்த வில்லாக்களை விற்பவர்களிடம், திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமோ எட்டு வீடுகளுக்கு மேலோ கொண்ட திட்டத்துக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். பதிவு எண்ணைத் தளத்தில் இட்டால் அனுமதிக்கப்பட்ட வரைபடம் கிடைக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை அறை அறையாகப் பாருங்கள். விடுமுறைக்கு வாடகைக்கு விட்டே கடனைக் கட்டிவிடலாம் என்ற கணக்கை நான் பெரிதும் நம்பமாட்டேன். ஏற்காட்டின் கூட்டம் கோடையிலும் வார இறுதிகளிலும் குவிகிறது. ஜூலையின் ஒரு செவ்வாய்க்கிழமையில் ஏரிக்கரையைப் பார்த்தவருக்கு மீதிக் கணக்கு விளங்கும். வாடகைக்கு விட்டால் மின் இணைப்பு வணிகக் கட்டணத்துக்கு மாறும், காவலாளிக்கும் தோட்ட வேலைக்கும் ஆண்டு முழுதும் கூலி கொடுக்க வேண்டும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் சுவர்களுக்கு அடிக்கடி வண்ணம் பூச வேண்டும்.

பதிவும் அதற்குப் பின்னும்

பணக் கணக்கு எளியது. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் மாற்றுத் தீர்வையும் சேர்த்து 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 60 லட்சம் ரூபாய் இடத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் ஆகும். அரசு நிர்ணயித்துள்ள வழிகாட்டி மதிப்பு இதைவிட அதிகம் என்றால் அந்த மதிப்பின் மீது கணக்கிடுவார்கள், எனவே பதிவுத் துறையின் தளத்தில் அந்தப் புல எண்ணுக்கான மதிப்பைப் பார்த்து வையுங்கள். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை உண்டு. மதிப்பு 50 லட்சத்தை எட்டினால், கிராமப்புற விவசாய நிலம் நீங்கலாக, விலையில் 1 விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்தம் செய்து வாங்குபவரே செலுத்த வேண்டும். முன்பணம் உட்பட எதையும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். விலையில் ஒரு பகுதியைக் கணக்கில் காட்டாமல் கேட்பவர் விலையைக் குறைப்பது போலத் தோன்றினாலும், நாளை நீங்கள் விற்கும்போது அந்தப் பகுதிக்கும் சேர்த்து ஆதாய வரி கட்டுபவர் நீங்கள்தான்.

பதிவு நாளுக்கு முதல் நாள் வில்லங்கச் சான்றை இன்னொரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு, நில அளவர் நட்ட கற்களைப் பத்திரத்தின் நான்கெல்லையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பதிவு முடிந்த பின், உட்பிரிவு தேவைப்படும் நிலம் என்றால் பட்டா தானாக உங்கள் பெயருக்கு வந்துவிடும் என்று காத்திருக்காமல், வட்டாட்சியர் அலுவலகத்தில் அளவைக்கான விண்ணப்பத்தைத் தொடர்ந்து கவனியுங்கள். மின் இணைப்பு, ஊராட்சி வரி ஆகியவற்றைப் பெயர் மாற்றி, எல்லைக் கற்களைப் படம் எடுத்து வைத்து, வேலி அமைத்துவிட வேண்டும். வீட்டு வேலையை உடனே தொடங்காமல் ஒரு பருவமழை முழுவதும் நிலத்தைக் கவனித்து, நீரோட்டம் தெரிந்த பிறகு அடித்தளத்துக்கு இடம் குறிப்பது நல்லது. அனுமதிக் கோப்பு நகர்வதற்கும் எப்படியும் அவ்வளவு காலம் ஆகும்.